வாதாபி கொண்ட மாமல்லன்

நம் அண்ணனூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி, குன்றத்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால் மணிமங்கலம் என்னும் ஊரை அடையலாம். பரந்த ஏரியும், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த பழைய கோயில்களும் உள்ள ஊர் அது. அவ்வூர் வழியே நாள்தோறும் பேருந்தில் செல்வோர் பலர். ஆயினும், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் தென்னாட்டின் இரு பேரரசுகள் அந்த மண்ணில்தான் மோதின என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அப்போரில் வென்றவன் காஞ்சி மன்னன் முதலாம் நரசிம்மவர்மன். மற்போரில் வல்லவன் என்று பொருள்படும்படி மாமல்லன் எனப் பெயர் பெற்றவன். நாம் சுற்றுலாவாகச் சென்று மகிழும் மாமல்லபுரம் அவன் பெயரால் வழங்கும் ஊரே. அன்பு மாணவியரே! அவனுடைய வாழ்க்கை ஒரு வெற்றி வீரனின் கதை மட்டுமன்று. ஒரு பகை எப்படிப் பிறக்கிறது, எப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்கிறது, எப்படி ஓய்கிறது என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது.

கிரேக்க நாட்டில் ஒரு போர்

உலக வரலாற்றுப் பாடத்தில் ஏதென்சு, ஸ்பார்ட்டா என்னும் இரு கிரேக்க நகர அரசுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஏதென்சு கடலில் வலிமை மிக்கது. ஸ்பார்ட்டா தரைப்படையில் ஈடற்றது. இவ்விரண்டும் கி.மு. 431 முதல் கி.மு. 404 வரை 27 ஆண்டுகள் போரிட்டன. சிறு நகரங்களுக்கு இடையே எழுந்த சில பூசல்கள் அப்போருக்கு உடனடிக் காரணங்களாயின. ஆனால் ஏதென்சின் படைத்தலைவர்களுள் ஒருவராக இருந்து, பின் நாடு கடத்தப்பட்டு, அப்போரின் வரலாற்றை எழுதிய துசிடைடிசு உண்மைக் காரணம் வேறு என்று கண்டார். ஏதென்சு நாளுக்கு நாள் வளர்ந்தது. அந்த வளர்ச்சியைக் கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியது. அந்த அச்சமே போராக வெடித்தது என்பது அவர் முடிவு.

ஒருவர் வளர்வதும் மற்றவர் அஞ்சுவதும் கிரேக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டிலும் கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இரு தலைநகரங்கள் அவ்வாறே ஒன்றையொன்று பகைத்தன. ஒன்று, தொண்டை மண்டலத்தின் தலைநகரான காஞ்சி. பல்லவர்கள் அதை ஆண்டனர். மற்றொன்று, இன்றைய கருநாடக மாநிலத்தில் பாதாமி என வழங்கும் வாதாபி. சாளுக்கியர்கள் அதை ஆண்டனர். இரண்டுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. நடுவே காடுகளும் மலைகளும் ஆறுகளும் இருந்தன. ஆயினும் அந்தத் தொலைவு பகையைத் தடுக்கவில்லை.

பகைக்கு வித்து

காஞ்சி கல்விக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்விக் கூடத்தை நாடிப் பல நாட்டினரும் வந்தனர். நான்காம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்தான். வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் ஏற்பட்டது. அவமதிப்பைப் பொறாத மயூரசர்மன் ஏட்டைக் கீழே வைத்து வாளைக் கையில் எடுத்தான். கதம்பர் மரபு என்னும் புதிய அரச மரபையே தோற்றுவித்தான். இதைத் தாளகுண்டா தூண் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. ஒரு மாணவனுக்கு நேர்ந்த அவமதிப்பிலிருந்து ஓர் அரசே பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

பிற்காலத்தில் கதம்பர்களை அடக்கிக் கன்னட நாட்டில் ஓங்கியவர்களே சாளுக்கியர்கள். அவர்களுள் தலைசிறந்தவன் இரண்டாம் புலிகேசி. தந்தையை இளமையிலேயே இழந்தவன் அவன். சிற்றப்பன் மங்களேசன் நாட்டை ஆண்டு வந்தான். உரிய காலத்தில் அரியணையைத் திருப்பித் தராததால் அவனோடு போரிட்டுக் கி.பி. 610 அளவில் புலிகேசி முடி சூடினான். பின்னர் வடக்கே நருமதை ஆற்றங்கரையில், வட இந்தியாவையே ஆண்ட ஹர்ஷரின் பெரும்படையைத் தடுத்து நிறுத்தினான். கிழக்கே கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட வளமான வேங்கி நாட்டைக் கைப்பற்றித் தன் தம்பி விஷ்ணுவர்தனனை அங்கே அமர்த்தினான்.

வேங்கி அவன் கைக்குப் போனதும் காஞ்சிக்கு அச்சம் பிறந்தது. பல்லவரின் வட எல்லை திறந்து கிடந்தது. மேற்கிலும் வடக்கிலும் ஒரே பகைவன் நின்றான். பல்லவரும் சாளுக்கியரும் ஒரே தெய்வங்களையே வணங்கினர்; ஒரே வடமொழியில் தங்கள் புகழைச் செப்பேடுகளில் பொறித்தனர்; இருவருமே மலையைக் குடைந்து கோயில் எடுத்தனர். ஆகவே இது சமயப் போரும் அன்று, மொழிப் போரும் அன்று. யார் பெரியவர் என்ற போட்டியும், அவர் வந்துவிடுவாரோ என்ற அச்சமுமே இப்போருக்கு வேராக இருந்தன.

மதிலுக்குள் ஓர் இளவரசன்

மாமல்லனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன். கலை உள்ளம் படைத்தவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமலே மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்துப் புதுமை செய்தவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதியவனும் அவனே. சிற்பமும் ஓவியமும் நாடகமும் சூழ்ந்த அந்த அரண்மனையில்தான் நரசிம்மன் வளர்ந்தான்.

அந்த இனிய வாழ்க்கையின் மேல் இடி விழுந்தாற்போல் வந்தது புலிகேசியின் படையெடுப்பு. சாளுக்கியப் படை காஞ்சியின் அருகே வரை வந்தது. தன் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கியது என்றும், அவன் காஞ்சி மதிலுக்குப் பின் மறைந்தான் என்றும் புலிகேசியின் அவைப் புலவர் இரவிகீர்த்தி பாடியிருக்கிறார். ஐஹொளெயிலுள்ள சமணக் கோயிலில் கி.பி. 634ஆம் ஆண்டில் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது. புலிகேசி காவிரி வரை சென்று சேர சோழ பாண்டியர்களை நண்பர்களாக்கிக் கொண்டான் என்றும் அது கூறுகிறது.

பல்லவரின் காசக்குடிச் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பெரும் பகைவர்களை வென்றான் என்கிறது. புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர். (பின்னாளில், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை முறியடித்ததும் இதே ஊரில்தான்.) ஒரே போரைப் பற்றி இரு தரப்பும் தாமே வென்றதாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வரலாறு படிப்போர் இரு பக்கத்தாரின் சொல்லையும் கேட்டு, நிகழ்ந்ததை நோக்கி முடிவுக்கு வர வேண்டும். காஞ்சி நகரம் பிழைத்தது. ஆனால் பல்லவ நாட்டின் வட பகுதி கைவிட்டுப் போயிற்று. இதுவே நடந்தது.

கிரேக்கப் போரிலும் இதுபோன்ற காட்சி உண்டு. ஸ்பார்ட்டாவின் படை வந்தபோது ஏதென்சின் தலைவர் பெரிக்கிளிசு நாட்டுப்புற மக்களை எல்லாம் நகர மதிலுக்குள் வரவழைத்தார். மதில் உயிரைக் காத்தது. ஆனால் வெளியே வயல்கள் எரிந்தன. உள்ளே நெருக்கடி மிகுந்து கொள்ளை நோய் பரவியது. கி.மு. 429இல் பெரிக்கிளிசும் அந்த நோய்க்குப் பலியானார். மதில் காப்பது நகரத்தை மட்டுமே. மதிலுக்கு வெளியே உள்ள உழவனையும் அவன் விளைச்சலையும் காப்பது யார்? இளவரசன் நரசிம்மன் மதில் மேல் நின்று தொலைவில் எழுந்த புழுதியைக் கண்டிருந்தால், இந்தக் கேள்வி அவன் நெஞ்சில் எழாமல் இருந்திருக்காது.

இரு நாடுகளையும் கண்ட துறவி

கி.பி. 630 அளவில் நரசிம்மவர்மன் அரியணை ஏறினான். அவன் ஆட்சியில், கி.பி. 640ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீன நாட்டுப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நாட்டின் நிலம் வளமானது, மக்கள் அஞ்சாத நெஞ்சினர், நேர்மையும் கல்வியில் பற்றும் உடையவர்கள் என்று அவர் குறித்து வைத்தார். 100 பௌத்த மடங்களும் அவற்றில் 10,000 துறவிகளும் இருந்ததாகவும், 80 கோயில்கள் இருந்ததாகவும், சமணர்கள் மிகுதி என்றும் எழுதினார். நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். யுவான் சுவாங்கின் ஆசிரியரான சீலபத்திரருக்கு அவரே ஆசிரியர். ஆகவே காஞ்சி அந்தத் துறவிக்குத் தம் குருவின் குரு பிறந்த ஊராகும்.

இலங்கைக்குச் செல்வதே அவர் விருப்பம். ஆனால் அங்கே அரசன் இறந்தான், பஞ்சமும் குழப்பமும் நிலவுகின்றன என்று அங்கிருந்து வந்த துறவிகள் கூறினர். எனவே அவர் வடமேற்கே திரும்பிப் புலிகேசியின் நாட்டை அடைந்தார். அந்நாட்டு மக்கள் செய்ந்நன்றி மறவாதவர்கள், ஆனால் அவமதித்தவரைப் பழி வாங்காமல் விடாதவர்கள் என்றும், போருக்கு முன் பகைவனுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள் என்றும், தோற்ற தளபதிக்குப் பெண்கள் உடையைக் கொடுத்து இழிவுபடுத்துவார்கள் என்றும் எழுதினார். ஒரே பயணத்தில் காஞ்சியையும் சாளுக்கிய நாட்டையும் கண்டவர் அவர். இரண்டும் செழிப்பாக இருந்தன. அவர் சென்ற சில காலத்துக்குள்ளேயே அந்தச் செழிப்பின் மீது போர் மேகம் சூழ்ந்தது.

மணிமங்கலமும் வாதாபியும்

புலிகேசி மீண்டும் தெற்கே வந்தான். இம்முறை காஞ்சி மன்னன் மதிலுக்குள் காத்திருக்கவில்லை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மன் புலிகேசியை எதிர்த்து வென்றான் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. வெற்றி என்ற சொல்லின் எழுத்துகளை, செப்பேட்டில் எழுதுவதுபோல் புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகில் எழுதினான் என்று அந்தச் செப்பேடு வருணிக்கிறது. தந்தையைப் புழுதியில் மறைத்ததாகப் பாடிய பாட்டுக்கு மகனின் மரபினர் தந்த மறுமொழி இது எனலாம்.

பகைவன் ஓடியதோடு நரசிம்மன் நிற்கவில்லை. பல்லவப் படை ஆறுகளையும் மலைகளையும் தாண்டி வடமேற்கே நடந்தது. செந்நிற மணற்பாறைக் குன்றுகளுக்கு இடையே, ஏரிக்கரையில் அமைந்திருந்தது வாதாபி. கி.பி. 578இல் மங்களேசன் குடைவித்த அழகிய குகைக் கோயில் அங்கே இன்றும் உள்ளது. கி.பி. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது. அப்போரிலேயே புலிகேசி உயிர் துறந்தான் என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து.

வாதாபி என்ற அரக்கனை அகத்திய முனிவர் உண்டு செரித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை நினைவூட்டி, வாதாபியை அழித்த அகத்தியன் என்று பல்லவர் செப்பேடுகள் மாமல்லனைப் புகழ்கின்றன. வாதாபி கொண்டான் என்ற பட்டமும் அவனுக்கு ஏற்பட்டது. அவனது 13ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வாதாபியிலேயே ஒரு பாறையில் சிதைந்த நிலையில் உள்ளது. பகைவனின் தலைநகரிலுள்ள பாறையே அவன் வெற்றிக்குச் சான்று கூறுகிறது!

இப்போரில் பல்லவப் படையை நடத்தியவர் பரஞ்சோதியார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். திருச்செங்காட்டங்குடியில் பிறந்த அவர் மருத்துவக் கலையும் படைக்கலப் பயிற்சியும் கற்றவர். வாதாபியை வென்று மணிகளும் யானைகளும் குதிரைகளும் கொண்டுவந்து மன்னன் முன் வைத்தார். அவர் ஒரு சிவனடியார் என்பதை அமைச்சர்கள் வாயிலாக அப்போதுதான் அறிந்த மன்னன், தெரியாமல் ஓர் அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று நடுங்கினான். பொருள் பல கொடுத்து, படைத்தொழிலிலிருந்து விடுவித்து, அவர் ஊருக்கே அனுப்பி வைத்தான். அவரே சிறுத்தொண்ட நாயனார். வென்ற நாளிலேயே வாளைக் கீழே வைத்தவர் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்கி இதழில் 1944 முதல் 1946 வரை வெளிவந்த சிவகாமியின் சபதம் என்னும் நாவல் வழியாகவே நம்மில் பலர் மாமல்லனை அறிவோம். அதில் வரும் ஆயனச் சிற்பியும் நடனமணி சிவகாமியும் ஆசிரியரின் கற்பனைப் படைப்புகள். மகேந்திரனும் மாமல்லனும் புலிகேசியும் பரஞ்சோதியும் வரலாற்றிலும் இலக்கியத்திலும் இடம்பெற்றவர்கள். கதையைக் கதையாகச் சுவைப்போம். வரலாற்றை வரலாறாக அறிவோம்.

இளநீர் பகிர்ந்த நண்பன்

மாமல்லனின் வீரத்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் நட்பை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. மானவர்மன் என்னும் இலங்கை இளவரசன் நாட்டை இழந்து காஞ்சியில் புகலிடம் தேடினான். பின்னர் அவன் மனைவியும் அங்கே வந்து சேர்ந்தாள். ஒருநாள் இருவரும் யானைகள் மேலேறிச் சென்றபோது, தாகம் கொண்ட பல்லவன் இளநீர் பருகிவிட்டு மீதியை அடுத்த யானை மேலிருந்த மானவர்மனிடம் நீட்டினான். அரச குலத்தான் ஒருவன் பிறர் அருந்திய எச்சிலை அருந்துவதா? நண்பன் தந்ததில் இழிவு ஏது என்று எண்ணிய மானவர்மன் தயங்காமல் பருகினான். அதைக் கண்ட பல்லவன் உள்ளம் நெகிழ்ந்து, அவன் பருகியதன் மீதியைத் தானும் வாங்கிப் பருகினான்.

சாளுக்கியனோடு போர் மூண்டபோது, நண்பனின் உயிருக்கு இடர் நேரக் கூடாது என்று மாமல்லன் அவனைக் காஞ்சியிலேயே விட்டுச் சென்றான். அவர் இறந்தபின் நான் வாழ்ந்து என்ன பயன் என்று கருதிய மானவர்மன் தானாகவே பின்தொடர்ந்து போர்க்களம் புகுந்தான். நன்றி பாராட்டிய மாமல்லன் அவனுக்குக் கப்பலும் படையும் கொடுத்து இலங்கைக்கு அனுப்பினான். ஆனால் மாமல்லன் நோயுற்றான் என்ற செய்தி வந்ததும் படை திரும்பிவிட, அம்முயற்சி பயனற்றுப் போயிற்று. மானவர்மனோ மனம் தளரவில்லை. பல்லவரின் துணையோடு மீண்டும் முயன்று கி.பி. 684 அளவில் இலங்கை அரியணை ஏறினான். அவன் மரபு ஏறத்தாழ 300 ஆண்டுகள் நிலைத்தது. போரினால் பெற்ற வாதாபி சில ஆண்டுகளே பல்லவர் கையில் இருந்தது. நட்பினால் நட்ட மரமோ நூற்றாண்டுகள் நிழல் தந்தது.

கல்லில் எழுந்த நகரம்

போர் ஓய்ந்த காலத்தில் மாமல்லன் உளியின் பக்கம் திரும்பினான். தந்தை பாறையைக் குடைந்து குகைக் கோயில் கண்டான். மகனோ பாறையைச் சுற்றிலும் செதுக்கி, தேர் போன்ற ஒற்றைக்கல் கோயில்களைக் காண விரும்பினான். தருமராசர் தேரில் அவனுடைய பட்டப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஐந்து தேர்களுக்குப் பாண்டவர் பெயர்களும் திரௌபதியின் பெயரும் வழங்குவது பிற்கால வழக்கே. சிற்பிகள் மேலிருந்து கீழாகவே வேலை செய்தனர். அதனால் மேல்தளம் நுட்பமாக முடிந்திருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக நிற்பதை அங்கே காணலாம்.

அங்கே 90 அடிக்கும் மேல் நீண்ட பாறையில் செதுக்கிய பெரும் சிற்பத்தொகுதியைப் பார்த்திருப்பீர்கள். யானைகள், முனிவர்கள், நாகர்கள், வேடர்கள் என எத்தனை உயிர்கள்! அவற்றுள் ஒரு பூனை இரு முன்கால்களையும் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதை நம்பிச் சூழ்ந்து நிற்கின்றன. அரசியல் உலகின் பொய்த் தவங்களை அறிந்த சிற்பிதான் அதைச் செதுக்கியிருக்க வேண்டும். மாமல்லபுரத்தின் நினைவுச் சின்னங்களை 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

பழிக்குப் பழி

வாதாபி வீழ்ந்ததும் பகை முடிந்துவிட்டதா? இல்லை. 13 ஆண்டுகள் அரசனின்றித் தத்தளித்த சாளுக்கிய நாட்டைப் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் கி.பி. 655இல் மீட்டான். தந்தையின் நகரம் எரிந்ததைக் கண்ட மகன் அவன். ஆம், மாமல்லனின் இளமையில் காஞ்சிக்கு நேர்ந்ததே இப்போது வாதாபியின் இளவரசனுக்கு நேர்ந்திருந்தது. ஒருவனுடைய வெற்றி மற்றொருவனுடைய வஞ்சினமாயிற்று.

கி.பி. 668 அளவில் மாமல்லன் மறைந்தான். அடுத்துச் சில ஆண்டுகளுக்குள், மாமல்லனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில், விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றி உறையூர் வரை சென்று பாடி இறங்கினான். பின்னர்ப் பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை முறியடித்தான். பல இலட்சம் வீரர்களோடு வந்தவன் ஒரு கந்தலைப் போர்த்திக்கொண்டு ஓடினான் என்று கூரம் செப்பேடு ஏளனம் செய்கிறது. பாட்டனுக்குப் பேரன், தந்தைக்கு மகன் என்று பழி ஒரு குடும்பச் சொத்தைப்போல் கைமாறிக்கொண்டே வந்தது.

தூணில் எழுதிய மன்னிப்பு

இடையே சில பத்தாண்டுகள் அமைதி நிலவியது. இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் அக்காலத்தில் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டினான். அவன் அரசி ரங்கபதாகையும் அதன் முன்னே ஒரு சிறு கோயில் எடுத்தாள்.

பின்பு எட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சி மீது படையெடுத்து நகருக்குள் நுழைந்தான். வாதாபி பட்ட துன்பத்துக்கு எல்லாம் கணக்குத் தீர்க்கும் நாள் வந்துவிட்டது என்றே காஞ்சி மக்கள் நடுங்கியிருப்பார்கள். ஆனால் அவன் நகரை எரிக்கவில்லை. கயிலாசநாதர் கோயிலின் செல்வக் குவியலைக் கண்டான். அதை எடுத்துச் செல்லாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அக்கோயிலின் தூண் ஒன்றில் பொறிக்கச் செய்தான். அந்த எழுத்துகள் இன்றும் அங்கே உள்ளன.

கிரேக்கப் போரின் முடிவும் இதை ஒத்ததே. கி.மு. 404இல் ஏதென்சு சரணடைந்தபோது, அதை அடியோடு அழிக்க வேண்டும் என்று ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகள் கேட்டனர். பாரசீகப் படையெடுப்பின்போது கிரேக்க நாட்டைக் காத்த நகரம் ஏதென்சு என்பதை நினைத்து ஸ்பார்ட்டா மறுத்துவிட்டது. மதில்கள் இடிக்கப்பட்டன, நகரம் பிழைத்தது.

விக்கிரமாதித்தனின் அரசி உலோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதகல்லில் விருபாட்சர் கோயிலைக் கட்டினாள். அந்தக் கோயிலைக் கண்டவர் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் சாயலை அதில் காண்பர். பின்னர் எல்லோராவில் மலையையே குடைந்து எடுத்த கயிலாசக் கோயிலுக்கும் அது வழிகாட்டியது. படைகள் நடந்த பாதையிலேயே கலையும் நடந்தது!

போரின் பயன்

பகை அந்தத் தூணோடு முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று கூற முடியாது. விக்கிரமாதித்தனின் மகன் கீர்த்திவர்மன் மீண்டும் ஒருமுறை காஞ்சி நோக்கி வந்தான். ஆனால் கி.பி. 753 அளவில் இராட்டிரகூடன் தந்திதுர்க்கன் அவனை வீழ்த்தினான்; சாளுக்கியரின் வாதாபி அரசு மறைந்தது. பல்லவரும் நாளடைவில் தளர்ந்து, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழரிடம் நாட்டை இழந்தனர். கிரேக்கத்திலும் வென்ற ஸ்பார்ட்டா கி.மு. 371இல் லூக்ட்ராப் போரில் வீழ்ந்தது. கி.மு. 338இல் மாசிடோனிய மன்னன் பிலிப்பு எல்லா நகரங்களுக்கும் மேலானான். இருவர் சண்டையிட்டுத் தளர்ந்தால் மூன்றாமவன் வந்து ஆள்வான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாமல்லன் நாட்டைக் காத்த வீரன் என்பதில் ஐயமில்லை. மணிமங்கலத்தில் அவன் எதிர்த்து நிற்காதிருந்தால் காஞ்சி என்னவாகியிருக்குமோ! தன் வீட்டு வாசலில் நின்று காப்பது கடமை. ஆனால் அங்கிருந்து 500 கிலோமீட்டர் கடந்து சென்று வாதாபியில் அவன் ஈட்டிய வெற்றி 13 ஆண்டுகளே நின்றது. அது மூட்டிய பழியோ அவன் பேரன் காலம் வரை எரிந்தது. அவன் செதுக்குவித்த கல் இன்றும் நிற்கிறது. நண்பனுக்கு நீட்டிய இளநீரின் கதை கடல் கடந்த நாட்டு நூலில் வாழ்கிறது.

மாணவியரே! நம் பள்ளியிலும் வீட்டிலும் சிறு சிறு மனத்தாங்கல்கள் எழுகின்றன. யார் முதலில் தொடங்கினார் என்று கேட்டால் இருவரும் மற்றவரையே சுட்டுவர். ஐஹொளெக் கல்வெட்டும் காசக்குடிச் செப்பேடும் தத்தம் பக்கத்தையே உயர்த்திக் கூறின. யார் முதலில் நிறுத்துவது என்பதே அதனினும் பெரிய கேள்வி. அடுத்த முறை காஞ்சிபுரம் செல்லும்போது கயிலாசநாதர் கோயில் மண்டபத்தில் அந்தத் தூணைத் தேடிப் பாருங்கள். நமக்குப் படிக்கத் தெரியாத பழைய கன்னட எழுத்துகள்தாம். ஆயினும் பகைவன் ஒருவன் வென்ற ஊரில் கொள்ளையிடாமல் கொடுத்துச் சென்ற செய்தி அதில் இருக்கிறது என்பதை அறிந்து பார்த்தால், அந்தத் தூணைக் கடந்து செல்ல உங்கள் கால்கள் சற்றே தயங்கும்.